"தேசவழமைப்படி பாதி உனக்கு": சட்டம் படிக்க விரும்பும் மாணவிக்கு ஒரு பதில்

கொக்குவிலிலிருந்து எழுதிய மாணவி, உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு குடும்பச் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை நன்றாகப் படித்தால் அதுவே போதுமா என்றும் கேட்டிருக்கிறார். கேள்வியின் மேற்பரப்பு இதுதான். ஆனால் அதன் பின்பாதியை இரண்டு முறை வாசித்தபோது அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அக்கா முறையான ஒருவரின் கணவர் திருமணமாகி இரண்டாம் ஆண்டில் பிரான்சுக்குப் போனார். முதலில் பணம் வந்தது, பிறகு குறைந்தது, இப்போது ஐந்து வருடமாகத் தொலைபேசியும் இல்லை. "தேசவழமைப்படி எல்லாவற்றிலும் பாதி உனக்கு" என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள்; பார்த்த சட்டத்தரணியோ அப்படி நேராகச் சொல்ல முடியாது என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, ஒரு திருமணம் முறிந்தால் சட்டத்தின் கண்ணில் என்னதான் நடக்கிறது, அதை அறிய எதைப் படிக்க வேண்டும் என்பதே கேள்வி. அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகளையும் காணி வழக்குகளையும் நீண்ட காலம் நடத்தியவன் என்ற முறையிலும், சில காலம் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். அந்த அக்காவின் காணி உறுதிகளையோ கடிதங்களையோ நான் பார்க்கவில்லை. ஆகவே அவருடைய வழக்கு வெல்லுமா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. சட்டம் எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே சட்டத்தரணிகளே இரண்டு பக்கமும் நின்று வாதாடுகிறார்கள் என்பதை மட்டும் பிரித்துக் காட்ட முடியும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது: "திருமண முறிவு" என்று ஒரு நிகழ்வு நம் சட்டத்தில் கிடையாது. கணவனும் மனைவியும் மனத்தளவில் பிரிந்து பத்து வருடம் ஆனாலும், மரணமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இல்லாதவரை சட்டத்துக்கு அவர்கள் கணவன் மனைவிதான். அது மட்டுமல்ல, ஊரார் ஒரே மூச்சில் கேட்கும் கேள்விகளைச் சட்டம் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்வதில்லை. விவாகரத்துக் கிடைக்குமா என்ற கேள்விக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டமும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் பதில் சொல்கின்றன. காணி யாருக்கு என்ற கேள்விக்குத் தேசவழமை வருகிறது. மாதாந்தச் செலவுக்குப் பணம் கேட்டால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். பிள்ளை யாரோடு இருப்பது என்றால், ஒல்லாந்தர் வழி வந்து நம் பொதுச் சட்டமாக நிற்கும் உரோமன் டச்சுச் சட்டமும் அதன்மேல் நீதிபதிகள் கட்டியெழுப்பிய தீர்ப்புகளும். ஒரு கேள்விக்குரிய விடையை இன்னொரு கேள்விக்குப் பொருத்துவதிலிருந்துதான் ஊர்ப்பேச்சின் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. தேசவழமையைப் படித்தால் போதுமா என்பதற்கு இதுவே விடை: அது சொத்தைப் பற்றியது, விவாகரத்தைப் பற்றியது அன்று.

தேசவழமை என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் காலத்தில், ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, முதலியார்கள் என்ற உள்ளூர்த் தலைமை அதிகாரிகள் பன்னிரண்டு பேர் பார்த்துச் சரியென்று ஒப்பியபின் 1707இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். "யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகள்" என்பது அந்தக் காலத்துச் சொல். இன்றைக்கு அதை வடமாகாணத்தை நிலையான வாழிடமாகக் கொண்ட தமிழர் என்று வாசிக்க வேண்டும். தமிழர் என்ற ஒரே காரணத்தால் அது ஒருவருக்குப் பொருந்திவிடாது என்பதை ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மட்டக்களப்புத் தமிழருக்கோ மலையகத் தமிழருக்கோ அது பொருந்தாது. யாழ்ப்பாணப் பெண் தேசவழமைக்கு உட்படாத ஒருவரை மணந்தால், அந்தத் திருமணம் நிலைக்கும் காலத்தில் அவள் தேசவழமையிலிருந்து வெளியே போகிறாள். வெளியிலிருந்து வந்த பெண் யாழ்ப்பாண ஆணை மணந்தால் உள்ளே வருகிறாள். இது 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஆகவே பெண்ணின் பிறந்த ஊரைக் கேட்பதற்கு முன் கணவனின் ஊரைக் கேளுங்கள். இதைக் கேட்காமல் எழுதப்பட்ட காணி உறுதிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இனி விவாகரத்து. பொதுச் சட்டத்தின் கீழ் அதற்குக் காரணங்கள் மூன்றே: திருமணத்துக்குப் பின் பிறரோடு கொண்ட தகாத உறவு, வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணம் நடந்த வேளையிலேயே இருந்த குணப்படுத்த முடியாத, உடலுறவுக்கு இயலாமை (மலட்டுத்தன்மை அன்று). கொடுமை தனியான ஒரு காரணம் அன்று. ஆனால் ஒருவருடைய கொடுமையால் மற்றவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால், வெளியேறியவரை அல்லாமல் வெளியேற வைத்தவரையே கைவிட்டவராகக் கருதும் கோட்பாட்டை நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. மனப்பொருத்தம் இல்லை என்பதோ, இருவரும் விரும்புகிறோம் என்பதோ காரணம் ஆகாது. கண்டிச் சட்டத்தின்படி மணந்தவர்கள் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருவரும் ஒப்பிப் பிரியலாம். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது. நமக்கு அந்த வழி இல்லை. இதனால் நடப்பது என்னவென்றால், நாகரிகமாகப் பேசி முடித்துப் பிரிய விரும்பும் இருவரில் ஒருவர் வழக்காளியாகவும் மற்றவர் "வன்மத்துடன் கைவிட்ட" எதிராளியாகவும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. எதிராளி நீதிமன்றத்துக்கு வராமல் விடுகிறார். வழக்கு ஒருபக்க விசாரணையாக முடிகிறது. சட்டப் புத்தகத்தில் இது சரியன்று. நீதிமன்றத்தில் நாளாந்தம் நடப்பது இதுதான். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு வெறுப்பில்லாத வழக்குகளில்கூட வழக்குரையில் வசை எழுத வேண்டியிருப்பதை நான் எக்காலமும் விரும்பியதில்லை.

வன்மத்துடன் கைவிடுதல் என்பதில் "வன்மத்துடன்" என்ற சொல்லில்தான் பாரம் இருக்கிறது. பிரிந்திருத்தல் ஒன்று, அந்தப் பிரிவால் திருமண வாழ்வை முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் இன்னொன்று, அதற்கு நியாயமான காரணம் இல்லாமை மூன்றாவது. மூன்றும் சேர வேண்டும். உழைக்கப் பிரான்சுக்குப் போனவர் மாதாமாதம் பணம் அனுப்பி, அகதி விண்ணப்பம் முடிந்ததும் மனைவியை அழைக்க முயன்றுகொண்டிருந்தால், பத்து வருடம் கடந்தாலும் அது கைவிடுதல் ஆகாது. அதே மனிதர் ஒரு நாள் பணத்தையும் தொடர்பையும் நிறுத்தி, அங்கே வேறொருவரோடு குடும்பம் நடத்தத் தொடங்கினால், அந்த நாளிலிருந்து கணக்கு மாறுகிறது. ஆகவே அந்த அக்காவின் வழக்கில் முக்கியமானது கணவர் விமானம் ஏறிய திகதி அன்று. கடைசியாகப் பணம் வந்த வங்கிப் பற்றுச்சீட்டு, கடைசிக் கடிதம், யாரிடமாவது "இனி வரமாட்டேன்" என்று அவர் சொன்ன சொல், இவையே வழக்கைத் தாங்கும்.

"ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து" என்பது ஊரில் பலர் உறுதியாக நம்பும் இன்னொரு செய்தி. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது சாகாமல் இருக்கிறது. 1977இல் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 608ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, நீதிமன்றம் வழங்கிய பிரிந்து வாழும் தீர்ப்பாணைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கழிந்தாலோ, அப்படித் தீர்ப்பாணை இல்லாமல் ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருந்தாலோ விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. அந்தச் சொற்களை வாசிக்கும் எவருக்கும், குற்றம் எவர் பக்கம் என்று பார்க்காமல் காலத்தை மட்டும் வைத்தே விவாகரத்துக் கொடுக்கலாம் போலத் தோன்றும். 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அப்படித்தான் வாசித்தது. ஆனால் 1986இல் தென்னக்கோன் எதிர் சோமாவதி என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது: விவாகரத்துக்கான காரணங்களை 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமே வகுக்கிறது, 608ஆம் பிரிவு வெறும் நடவடிக்கை முறையையே சொல்கிறது, ஆகவே ஏழு ஆண்டு கழிந்தாலும் மற்றவருடைய திருமணக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று தீர்ந்தது. சட்டத்தை எழுதியவர்கள் அப்படித்தான் நினைத்தார்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு; இத்தனை சிரமப்பட்டு ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தவர்கள் அதில் புதிதாக ஒன்றும் இல்லாமலா விட்டிருப்பார்கள்? ஆனாலும் அது உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வழக்கில் இந்த ஏழு வருடத்தை மட்டும் நம்பி எழுந்து நின்று, நீதிபதி ஒரு வரியில் என்னை உட்காரவைத்தார். தீர்ப்பை வாசிக்காமல் பிரிவை மட்டும் வாசிக்கக் கூடாது என்பதை எனக்குக் கற்பித்த வரி அது.

தீர்ப்புக் கிடைத்த அன்றே திருமணம் முடிந்துவிடுவதும் இல்லை. முதலில் வருவது நிபந்தனைத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழிந்து, தடை எதுவும் காட்டப்படாவிட்டால்தான் அது முற்றான தீர்ப்பாணை ஆகும். அதற்கிடையில் செய்யும் மறுமணம் செல்லாது.

இனி அந்தப் "பாதி". இங்கேதான் பெரியவர்களும் சட்டத்தரணியும் மோதுகிறார்கள், இங்கேதான் படிப்புச் சுவையாகவும் இருக்கிறது. பழைய தேசவழமை சொத்தை முதுசம், உரிமை, சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்தது. தகப்பன் வழி வந்தது ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் என்று போக, கணவனும் மனைவியும் கூடி வாழும் காலத்தில் தேடிய தேட்டம் இருவருக்கும் பொது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் 20ஆம் பிரிவும் அதையே வெளிப்படையாக எழுதியது: தேடியதேட்டம் யார் பெயரில் இருந்தாலும் இருவரும் சமபங்காளிகள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் "பாதி" இதுதான். அது அவர்கள் கற்பனை அன்று. அவர்களுடைய பாட்டன்மார் காலத்துச் சட்டம். ஆனால் 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 19ஆம், 20ஆம் பிரிவுகளை மாற்றி எழுதியது. புதிய 19ஆம் பிரிவின்படி, ஒருவருடைய தேடியதேட்டம் என்பது திருமணம் நிலைக்கும் காலத்தில் அவர் விலை கொடுத்துப் பெற்ற சொத்து. அந்த விலை அவருடைய தனிச்சொத்திலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. அவருடைய தனிச்சொத்திலிருந்து அக்காலத்தில் வந்த இலாபமும் அதில் அடங்கும். புதிய 20ஆம் பிரிவிலே இருவரும் சமபங்காளிகள் என்ற வாசகம் இல்லை. அதற்குப் பதிலாக, ஒருவர் இறக்கும்போது, அவர் மரணசாசனத்தாலோ வேறு வழியாலோ கொடுத்துவிடாத தேடியதேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மற்றப் பாதி வாரிசுகளுக்கும் சேரும் என்று இருக்கிறது.

இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். இன்றைய சட்டத்தில் "பாதி" என்பது மரணத்தோடு பேசப்படும் பாதி. விவாகரத்து ஆனதும் கணவன் பெயரில் உள்ள வீட்டில் பாதி மனைவிக்கு எழுதப்படும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. இதுவரை உறுதி. ஆனால் திருத்தத்துக்குப் பின் வாங்காத துணைக்கு, வாங்கியவர் உயிரோடு இருக்கையில் அந்தச் சொத்தில் ஏதாவது உரிமை மிஞ்சியிருக்கிறதா என்பதைப் பற்றி நீதிபதிகளும் நூலாசிரியர்களும் பத்தாண்டுக் கணக்கில் வாதித்திருக்கிறார்கள். சொற்களை நேராக வாசித்தால் இல்லை என்பதே என் கருத்து. மறுபக்கம் நின்று வாதாடும் திறமையான சட்டத்தரணிகளை நான் மதிக்கிறேன். அந்த அக்காவிடம் சட்டத்தரணி "அப்படி நேராகச் சொல்ல முடியாது" என்றதில் தயக்கமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. அது நேர்மையான பதில்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வெளிநாட்டுக் கணவர்கள் அனுப்பிய பணத்தில் மனைவியின் பெயரில் வாங்கிய காணிகள் நம் ஊரில் கொஞ்சமா? நல்லூரில் நாலு பரப்புக் காணி, உறுதி மனைவி பெயரில், பணமோ பாரிசில் உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்தது. பிரிவு வந்ததும் கணவன் தரப்பு, 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 84ஆம் பிரிவைக் கையில் எடுக்கிறது: ஒருவர் பணம் கொடுக்க இன்னொருவர் பெயரில் சொத்து எழுதப்பட்டு, அந்தப் பணம் அவருக்கு நன்மையாகக் கொடுக்கப்பட்டதல்ல என்றால், பெயர் உள்ளவர் பணம் கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்கிறது அந்தப் பிரிவு. மனைவி தரப்பு, கணவன் மனைவிக்கு வாங்கிக் கொடுப்பது அன்பளிப்புத்தான் என்கிறது. எது நிற்கும் என்பது சாட்சியைப் பொறுத்தது. பணம் அனுப்பிய அன்று அவர் எழுதிய குறுஞ்செய்தியில் "உனக்கு ஒரு காணி வாங்கு" என்று இருந்ததா, "எனக்கு ஒரு காணி பார்த்து வாங்கு" என்று இருந்ததா என்பதில் ஒரு வழக்கே திரும்பக்கூடும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, விவாகரத்துத் தீர்ப்பின்போது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் கொடுக்கக்கூடிய நிவாரணம். மொத்தத் தொகையாகவோ மாதாந்தமாகவோ நிரந்தரத் தாபரிப்பைக் கொடுக்கும்படியோ, சொத்தைக் கைமாற்றும்படியோ கட்டளையிட அது இடம் தருகிறது. தேடியதேட்டத்தைப் பற்றிய வாதத்தில் சட்டத்தரணிகள் மூழ்கி, இந்தப் பிரிவின் கீழ் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட வழக்குகள் உண்டு.

கேள்வியில் இல்லாவிட்டாலும், யாழ்ப்பாணத்தில் குடும்பச் சட்டம் படிக்க வரும் ஒருவர் முதலில் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கணவனின் சம்மதம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மனைவியின் தனிச்சொத்து அவளுடையதே. மரணசாசனத்தால் அதை யாருக்கும் எழுதலாம். ஆனால் உயிரோடிருக்கையில் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை. தாய் கொடுத்த சீதனக் காணியைப் பிள்ளையின் படிப்புக்காக விற்க வந்த பெண்ணிடம், ஆறு வருடமாக முகம் காட்டாத கணவனின் கையெழுத்தை நொத்தாரிசு கேட்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைச் சொன்னாலும், முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை காப்பாற்றி வைத்திருப்பதால் இது இன்றும் நிற்கிறது.

ஆனால் கதவு முற்றாக மூடப்படவில்லை. கணவன் கைவிட்டிருந்தால், இருவரும் ஒப்பிப் பிரிந்திருந்தால், அவன் இருப்பிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற அனுமதி கொடுக்கலாம் என்கிறது 8ஆம் பிரிவு. விவாகரத்துக் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மனுவொன்று போதும். போரில் கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக, 2010ஆம் ஆண்டின் இறப்புப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தை 2016இல் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றையும் கொண்டுவந்தார்கள்.

சீதனத்தைப் பற்றி இரண்டு சொல். பெண்ணின் பெயரில் எழுதிய சீதன உறுதி பெண்ணுக்குரியது. திருமணம் முறிந்தாலும் அவளுக்கே. உறுதியில் மாப்பிள்ளையின் பெயரும் இருந்தால் அவர் கூட்டுரிமையாளர். பிரிவினை வழக்கில்தான் அதைப் பிரிக்க வேண்டிவரும். நகை பெண்ணுடையது, ஆனால் அதை வைத்திருப்பவர் மாமியார் என்றால் சாட்சி வேண்டும். கல்யாணப் படங்கள் அதற்கு உதவியிருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாருக்கு டொனேசன் என்று கொடுத்த ரொக்கம்தான் பெரும் சிக்கல். மஞ்சள் பையில் போய்ச் சேர்ந்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு எவரும் எழுதுவதில்லை. ஆகவே அதைத் திரும்பப் பெறுவது சட்டத்தைவிடச் சாட்சியின் கேள்வி ஆகிவிடுகிறது.

தாபரிப்பு இவற்றையெல்லாம்விட எளிது, விரைவும் கூட. நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வசதியிருந்தும் தன்னைத்தானே பராமரிக்க இயலாத துணையைப் பராமரிக்க மறுப்பவர் மேல் கட்டளை பெறலாம். 1889ஆம் ஆண்டின் பழைய சட்டம் மனைவியை மட்டும் பேசியது, இன்றைய சட்டம் கணவன் மனைவி இருவரையும் பேசுகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும், அதன்பின் இருபத்தைந்து வயதுவரையான பிள்ளைக்கும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு. பெற்றோர் மணந்தவர்களா என்பது பிள்ளையின் உரிமையைப் பாதிக்காது. கட்டளையை மீறினால் சிறை. இரண்டு எச்சரிக்கை: இருவரும் ஒப்பிப் பிரிந்து வாழ்கிறோம் என்று எழுதிக் கொடுத்த பெண் தனக்கான தாபரிப்பை இழக்கக்கூடும், ஆகவே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அப்படி ஒரு கடதாசியில் கையெழுத்து வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். அடுத்தது, விவாகரத்து முற்றானபின் அவள் "துணை" அல்லள். அதன்பின் தனக்காகக் கேட்பதற்கு இந்தச் சட்டம் உதவாது, மேலே சொன்ன 615ஆம் பிரிவின் கீழ் அந்த வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டும். பணம் கொடுக்க வேண்டியவர் ஐரோப்பாவில் இருந்தால் யாழ்ப்பாண நீதவானின் பிடியாணை அங்கே எட்டுவதில்லை. அவர் பெயரில் இங்கே காணியோ வங்கிக் கணக்கோ இருந்தால்தான் பிடிக்க ஏதாவது மிஞ்சும்.

பிள்ளை விடயத்தில் உரோமன் டச்சுச் சட்டம் தகப்பனுக்கு முதலிடம் கொடுத்தது. நீதிமன்றங்கள் மெல்ல மெல்லப் பிள்ளையின் நலனையே முதலில் வைக்கும் இடத்துக்கு வந்திருக்கின்றன, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும் அந்தப் பக்கம் தள்ளுகிறது. சிறு குழந்தை தாயிடமே இருப்பது வழக்கம் என்றாலும் அதை விதி என்று எழுத மாட்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வது, அல்லது இங்கிருந்து ஒருவர் அறியாமல் கனடாவுக்குக் கொண்டுபோவது போன்ற வழக்குகளுக்கு 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; பிள்ளைகளை நாடுவிட்டு நாடு கடத்துவது பற்றிய ஹேக் சமவாயத்தை நம் சட்டமாக்கியது அது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் இவ்வளவு உள்ள ஊரில் இதை அறிந்த சட்டத்தரணிகள் இன்னும் கூட வேண்டும். அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால், விவாகரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை பதினான்கு நாட்களுக்கும், முழுக் கட்டளை பன்னிரண்டு மாதங்கள் வரையும் நிற்கும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையில் சட்டமாணிப் பட்டத்துக்குப் போகலாம். கொழும்பு புதுக்கடையிலுள்ள சட்டக்கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதியும் போகலாம். சட்டத்தரணியாகத் தொழில் செய்வதற்குப் பட்டதாரிகளும் சட்டக்கல்லூரியின் பரீட்சைகளைக் கடந்தாக வேண்டும். எந்த வழியானாலும், தேசவழமையில் தொடங்காதீர்கள் என்பதே என் யோசனை. முதலில் உரோமன் டச்சுச் சட்டத்தில் திருமணமும் பெற்றோர் பிள்ளை உறவும் எப்படி நிற்கின்றன என்று படியுங்கள், பிறகு குடியியல் நடவடிக்கைமுறை, அதன்பின் தேசவழமை. அடித்தளம் தெரியாமல் விதிவிலக்கைப் படித்தவர்கள், தேசவழமை பேசாத இடங்களிலும் தேசவழமையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களையும் வழக்கங்களையும் பற்றி எழுதிய நூல் இன்றைக்கும் கைக்கொள்ளத் தக்கது, பின்வந்த தீர்ப்புகளோடு ஒப்பிட்டுப் படித்தால். சட்ட அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதைக் கண்டு ஒதுங்கினால் இந்தத் தொழிலில் பாதி வழியில் நிற்க வேண்டிவரும். அதே அளவுக்குத் தமிழ் உறுதி வாசிக்கவும் பழகுங்கள். வீட்டில் அம்மாவின் சீதன உறுதி பெட்டிக்குள் இருந்தால் எடுத்து, யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள், எல்லை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள், கணவனின் சம்மதம் எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எந்த விரிவுரையும் அதைப்போலக் கற்பிக்காது.

அக்காவுக்கு நீங்கள் இப்போதே செய்யக்கூடிய உதவி ஒன்றிருக்கிறது. விவாகச் சான்றிதழ், சீதன உறுதி, திருமணத்தின் பின் வாங்கிய காணிகளின் உறுதிகள், வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தின் பற்றுச்சீட்டுகள், கணவரின் கடிதங்கள், கடைசியாகப் பேசிய நாள், கணவரின் சொந்த ஊர் எது என்ற விவரம், இவ்வளவையும் திகதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கிக் கொடுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு அந்தக் கோப்போடு போகலாம். வருமான எல்லைக்கு உட்பட்டவர்களுக்கு அவர்கள் தாபரிப்பு, விவாகரத்து வழக்குகளை நடத்திக் கொடுக்கிறார்கள். கோப்பைப் பார்க்கும் சட்டத்தரணி முதலில் கேட்கும் கேள்வி "பாதி எங்கே" என்பதாக இராது. "கடைசியாகப் பணம் வந்தது எப்போது" என்பதாக இருக்கும்.